கித்தாப்பாலில் ஒட்டிய டயர்

நான் வாங்கிய முதல் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது, கேரியர் கிடையாது, மணி கிடையாது, மட்கார்டும் கிடையாது. இவ்வளவும் இல்லாததுதான் அதன் மதிப்பு என்று விற்றவர் சொன்னார். நானும் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பத்து காஜாவுக்கு அப்பால், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டம் ஒன்றின் வரிசை வீட்டு லயத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுப் பழகிய வாய், கழுத்தில் தாலி ஏறிய பிறகும் மாறவில்லை. மச்சான் தோட்டத்தில் பால் வெட்டினார். நான் ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் காலர் தைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சண்டைதான், ஆனால் அது மூன்று நாள் நடந்தது. தோட்டத்தில் பாதியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மீதிப் பாதியும் அதிக நாள் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மச்சானின் அண்ணன் சித்தியவான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் வேலை தயார், வீடும் தயார், மூட்டையைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார். மச்சானுக்கு அண்ணன் என்றால் உயிர், உடனே கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுவார். எனக்கோ ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதைப்போல வெறுப்பானது உலகத்தில் எதுவுமில்லை. ஈப்போவில் ஒரு அறையாவது எடுத்து இருப்போம் என்றேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வந்தால் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுப்பார்கள். ஒரு நாள் பிந்தினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஏற்கெனவே ஆறு வாரம் முடிந்திருந்தது. மீதி ஆறு வாரத்தையும் நான் ஒழுங்காக முடித்துக் கடிதத்தோடு வந்தால் ஈப்போ, ஒரே ஒரு நாள் பிந்தினாலும் சித்தியவான். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் விபூதி பூசிக்கொண்டு இதை முடிவு செய்தோம்.

அடுத்த வாரமே தோட்டத்து வேன் நின்றுபோனது.

எனக்கு மத்தியான ஷிஃப்ட். பெரிய ரோட்டுச் சந்தியில் சீனர் கோப்பிக்கடை ஒன்று உண்டு. அதன் வாசலில் சரியாக ஒரு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும், யாருக்காகவும் நிற்காது. லயத்திலிருந்து சந்திக்கு ஐந்து மைல் செம்மண் ரோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போன வேனில்தான் நானும் தொற்றிக்கொண்டு போவேன். இப்போது அது இல்லை. மச்சானின் கனத்த சைக்கிள் அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் வந்து கூட்டிப்போவார், போவதற்குத்தான் வழியில்லை. நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் செருப்பும் அறுந்தது, பொறுமையும் அறுந்தது.

அப்போதுதான் பஸ் சன்னலிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்தேன். பத்து காஜாவில் ஒரு பெரிய வீட்டுக் கேட்டில் சைக்கிள் விற்பனைக்கு என்று தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற சிலோன் தமிழர் ஒருவரின் வீடு அது. மச்சான் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். வெள்ளை பனியனில் வந்த ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆருக்குப் பிள்ளை சைக்கிள்?”

“எனக்குத்தாங்க ஐயா.”

“உமக்கோ?” மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இது ரேஸ் ஓடுற சைக்கிள். என்ரை மகன் இதிலை ஈப்போவுக்குப் போய்த் திரும்பி வாறவன். இப்ப லண்டனிலை படிக்கிறான். கியர் மட்டும் கொஞ்சம் இறுகிப் போச்சு. மற்றப்படி ஒரு குறையும் இல்லை.”

சாமான் அறையிலிருந்து அதை அவர் தூக்கிக்கொண்டு வந்தார், உருட்டவில்லை. மெலிந்த உடம்பு, கிடா கொம்புபோல வளைந்த கைப்பிடி, விரல் அகலத்துக்கு டயர், கரும்பச்சை நிறம். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதில் ஏறினால் எந்தப் பஸ்ஸையும் பிடிக்கலாம் என்று தோன்றியது. ஐயா விலை பேசவில்லை, அதற்குப் பதிலாக நிபந்தனை பேசினார்.

“இதிலை கேரியர் பூட்டக்கூடாது, கூடையும் பூட்டக்கூடாது. எனக்கு வாக்குத் தாரும்.”

கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே மச்சான் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“என்னா புள்ள இது, சைக்கிளா, சைக்கிளோட எலும்பா?”

எங்கள் லயத்தில் யார் சைக்கிள் கெட்டாலும் மச்சானிடம்தான் வரும். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் கம்பி பிரேக் வைத்த, பால் வாளி சுமக்கிற தடித்த சைக்கிள்கள். கியர் வைத்ததை அவர் தொட்டதே கிடையாது. தொட்டதில்லை என்று ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை. சாக்கை விரித்து அதைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய் ஊற்றித் துரு கழுவினார். இறுகிப்போன கம்பியை உருவி எண்ணெய் போட்டார். கல்லாய்க் காய்ந்துபோன பிரேக் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய மோட்டார் சைக்கிள் டயரிலிருந்து புதிதாக அறுத்து வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் அருமை. பிறகு சங்கிலியைப் பார்த்தார்.

“இது ஏன் புள்ள இப்படித் தொங்குது? லூசாப் போயிருக்கு பாரு.”

பின் சக்கரத்துக்குக் கீழே இரண்டு குட்டிச் சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலி வளைந்து தொங்கியது. சாதாரணச் சைக்கிளில் சங்கிலி தொங்கினால் கண்ணியைக் கழற்றி இறுக்குவார்கள். மச்சானும் அதைத்தான் செய்தார். நான்கு கண்ணியைத் தட்டி எடுத்துச் சங்கிலியைத் தந்திபோல இறுக்கிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை சமதளத்தில் சைக்கிள் பறந்தது. எங்கள் தோட்டத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது புதிதில்லை, ஆனால் இப்படிக் குனிந்து ஓட்டியதை யாரும் பார்த்ததில்லை. வழியெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே போனேன். சந்திக்கு முன்னால் ஒரு மேடு வரும். ஐயா சொல்லிக் கொடுத்தபடி கியரை இழுத்தேன். சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் ஏறப் பார்த்தது, நீளம் போதவில்லை. குட்டிச் சக்கரங்கள் இருந்த கை முன்னால் இழுபட்டு வளைந்து, சைக்கிள் கட்டிப்போட்ட மாடுபோல நின்றுவிட்டது. நான் போய்க் கைப்பிடியில் மோதினேன். மேட்டில் அதை இழுத்துக்கொண்டே ஓடி, கோப்பிக்கடை வாசலில் போட்டுவிட்டு, பஸ் கிளம்புகிற நேரத்தில் பாய்ந்து ஏறினேன். மூச்சு திரும்பியது தொழிற்சாலைக்குப் போன பிறகுதான்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. அன்று மச்சான் கூட்டிப்போக வந்ததும் கேட்டேவிட்டேன்.

“சித்தியவானுக்குப் போறதுக்கு வழி பண்றீங்களா மச்சான்? நேரா சொல்லிருங்க.”

அவர் குனிந்து, வளைந்திருந்த கியர்க் கையைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. கியரைத் தொடாமல், மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு சமாளித்தேன்.

மூன்றாம் நாள் பஸ் இறங்கிச் சைக்கிளை எடுக்கப் போனபோது கோப்பிக்கடை முதலாளி தவுக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார். மலாயும் கைச்சாடையுமாக அவர் சொன்னது இதுதான்: மத்தியானம் உன் புருஷன் வந்தான், கடைக்குப் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு மணி நேரம் என்னவோ செய்தான், என்னிடம் பிளையர் கடன் வாங்கினான். பார்த்தால், எடுத்த நான்கு கண்ணிகளும் திரும்பச் சேர்ந்திருந்தன. வளைந்த கை நேராகியிருந்தது. கியர் வெண்ணெய்போல ஏறி இறங்கியது. ஸ்டோரில் பாலை எடை போட்டுவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஐந்து மைல் வந்திருக்கிறார். வேறு ஒருத்தியாக இருந்தால் உருகிப்போயிருப்பாள். நானோ, சரிசெய்யத் தெரிந்தவருக்குக் கெடுக்கவும் தெரியுமே என்று நினைத்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அடுத்தது பஞ்சர். தொட்டாச்சிணுங்கி முள் குத்திப் பின் டயர் சப்பையானது. ஞாயிறு காலை மச்சான் இரண்டு கரண்டிகளை வைத்து டயரை நெம்பினார். விளிம்பு என்று ஒன்று இருந்தால்தானே நெம்புவதற்கு? டயர் முழுவதுமாகப் பிய்ந்து, பாம்புபோலக் கையில் வந்தது. உள்ளே டியூப் தனியாக இல்லை. சக்கரத்தில் பழைய பசை வெல்லப்பாகுபோலக் காய்ந்து கிடந்தது.

“டியூப்பே இல்லாத டயரு. ஒங்க ஐயா நல்லா ஏமாத்திட்டாரு லா,” என்றார் மச்சான்.

நான் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த துணிப் பட்டையை நகத்தால் உரித்தேன். கீழே தையல். நெருக்கமான, அழகான தையல். டியூப்பை உள்ளே வைத்து, பையை மூடுவதுபோல டயரைத் தைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மத்தியானத்திலிருந்து ராத்திரிவரை காலர் தைக்கிறவளிடமா இந்த வித்தை? தையலைப் பிரித்தேன், மச்சான் டியூப்பில் ஒட்டுப் போட்டார், நான் சாக்கு தைக்கிற ஊசியும் மெழுகு தடவிய நூலுமாக அதே ஓட்டைகளில் திரும்பத் தைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, டயருக்குக் காலர் வைக்கிறாயா என்று கேட்டார்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். ஈப்போ சைக்கிள் கடையில் இதற்கென்று ஒரு பசை கிடைக்கும் என்று ஐயா சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மச்சானுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

“நாலு பக்கமும் கித்தா மரத்த வெச்சிக்கிட்டு, கம் வாங்க நான் ஈப்போ போவணுமா? கேக்குறவன் சிரிப்பான்.”

மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் புதிதாகக் கீறிய பால் கொஞ்சம் கொண்டுவந்து, கோழி இறகால் சக்கரத்தைச் சுற்றிப் பூசினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, டயரின் அடியிலும் ஒரு பூச்சு. முன் சக்கரத்தில் பழைய பசை உதிர்ந்துகொண்டிருந்ததால் அதையும் பிரித்து அப்படியே செய்தார். ஒரு பகல் வெயிலில் வைத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தும் டயர் அசையவில்லை. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மழை இல்லாத மாதம் அது. நாள் தவறாமல் ஒரு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றேன். தவுக்கே என்னைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்கிறார் என்றுகூடத் தோழிகள் கேலி பேசினார்கள். கணக்கு முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு பிடித்த மழை விடிந்த பிறகுதான் விட்டது. நனைந்த மரப்பட்டை காய்ந்து பால்வெட்டு தொடங்கவே நேரமாகிவிட்டதாகச் சொன்னார்கள். சைக்கிள் இரவெல்லாம் லயத்துக்குப் பின்னால் நனைந்து நின்றது, அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். தூறல் மறுபடி பிடித்தது. பாதி வழியில், பள்ளமாக ஓடும் ஒரு திருப்பத்தில் முன் டயர் சக்கரத்தை விட்டுக் கழன்றது. நான் சேற்றில் விழுந்தேன். முட்டி கிழிந்தது, சோற்று டப்பா திறந்து வெண்டைக்காய் எல்லாம் ரோட்டில்.

எழுந்து பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிப் பூசியிருந்த பால் வெள்ளையாக ஊறி, நனைந்த ரொட்டிபோல விரலோடு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பாலோடு இருக்கிற மனுஷனுக்கு, காய்ந்த பால் தண்ணீரில் ஊறும் என்று தெரியாதா? தெரிந்துதானே பூசியிருக்கிறார்? ஒரு மழைக்காகக் காத்திருந்திருக்கிறார். அழுதுகொண்டே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டரை மைல் பாக்கி. நடந்து போய்ப் பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தேதான் நடந்தேன்.

அவர் பால் வெட்டுகிற காட்டிலிருந்து பால் ஸ்டோருக்குப் போகிற பாதை அந்த ரோட்டைக் குறுக்கே வெட்டும். அங்கே மச்சான் வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால், சிந்தாமல் மெதுவாக மிதித்து வந்தார். என்னைப் பார்த்தார், தோளில் இருந்த சைக்கிளைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். இறங்கி வாளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்தார். என் தோளிலிருந்து சைக்கிளை வாங்கி அதன் பக்கத்தில் சாய்த்தார்.

“ஏறு.”

“பாலு?”

“கெடக்கட்டும். ஏறு புள்ள.”

கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் கனத்த சைக்கிளை அவர் அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. மேட்டிலும் இறங்கவில்லை. முதுகில் சட்டை ஒட்டி, மழையும் வியர்வையும் ஒன்றாக வழிந்தது. நாங்கள் சந்திக்குப் போனபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது. மச்சான் நேராகப் போய் அதன் மூக்குக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார். டிரைவர் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் நான் ஏறிவிட்டேன். சேறும் இரத்தமுமாக என்னைப் பார்த்துப் பஸ்ஸே எழுந்து இடம் விட்டது. அன்றைக்கு என் நேரக் கார்டில் தாமதத்துக்கான சிவப்பு மை விழவில்லை.

மறுநாள் ஞாயிறு. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து ஒன் மச்சான, பாலு நிறுக்குற கிராணி உண்டு இல்லன்னு ஆக்கிட்டாரு, தெரியுமா? பாலு வாளியிலயே ஒறைஞ்சு போச்சாம். ஒட்டுப்பாலோட சேத்துக் கம்மி வெலைக்குத்தான் எடுத்தாங்களாம். மழையில எங்கடா போனேன்னு கேட்டா, வாயத் தொறக்கலயாம் மனுஷன்.”

குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் சாக்கில் உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து ஊறிய பாலை ஒன்றும் மிச்சமில்லாமல் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

“பாலு தண்ணியில ஊறும்னு ஒங்களுக்குத் தெரியாதா மச்சான்?”

“தெரியும்.” தலை நிமிரவில்லை. “டயரு அப்படி ஒட்டிக்கிச்சா, அந்தச் சந்தோஷத்துல அது ஞாபகத்துக்கே வரல. சின்னப் புள்ளகூட யோசிச்சிருக்கும். எனக்கே வெக்கமா இருக்கு.”

“நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நெனச்சேன்.”

“அது தெரியும் புள்ள. ஒன் மொகம் எதையாச்சும் மறைக்குமா?”

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கை முழுக்கப் பால் பிசுக்கு, என் கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கே ஈப்போவுக்குப் போய்ச் சைக்கிள் கடையில் சரியான பசை வாங்கினோம். கித்தாப்பாலில் ஒட்டிய கதையை மச்சான் தானே சொல்ல, கடைக்காரச் சீனர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாயங்காலம் இரண்டு டயரையும் புதுப் பசையில் ஒட்டிவிட்டு, நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த எட்டு நாளும் பேய் விரட்டுவதுபோல ஓட்டினேன். பதினொன்றரைக்கே கிளம்பினேன். மேகம் கறுத்தால் பதினொரு மணிக்கு. வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்கவில்லை. சித்தியவான் எனக்குப் பின்னால் துரத்திக்கொண்டு வருவதாகவே நினைத்து மிதித்தேன்.

கடிதம் கொடுத்தார்கள். வேலை நிரந்தரம் என்று மலாயில் ஒரு வரி, கீழே முத்திரை. மச்சானிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது, ஆனாலும் எனக்கு உள்ளே ஒரு குத்தல்.

“ஒங்க அண்ணனுக்கு ஒரு லெட்டர் போட்ருங்க மச்சான். பாவம், வீட்ட நமக்காகப் பிடிச்சு வெச்சிருக்காரு.”

“போட்டாச்சு.”

“எப்போ?”

“அந்த ஞாயித்துக்கெழம. நீ கம் காயுதா கம் காயுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தியே, அப்ப. நாங்க வரல, ஈப்போ போறோம்னு எழுதிட்டேன்.”

நான் விரலை மடக்கி நாளை எண்ணினேன்.

“அதுக்கப்புறம் எட்டு நாளு நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டுனேனே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஓட்டுறதப் பாக்க நல்லா இருந்துச்சு.”

“லேட்டாயிருந்தா?”

“ஆயிருந்தா என்னா? இன்னொரு மூணு மாசம் ஓட்டியிருப்பே. ஈப்போல இருந்துக்கிட்டு ஓட்டியிருப்பே.”

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மச்சான் பயந்துபோய், சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.